புறக்கடைக் கோழிகள் ஒன்றையொன்று கொத்துவதேன்? காயம் ஆற்றும் முறையும் தடுப்பு முறையும்

தருமபுரி மாவட்டத்தில் பெரும்பகுதி நிலம் மழையை நம்பிய மானாவாரி நிலமாகும். கேழ்வரகு, சாமை, நிலக்கடலை, கொள்ளு ஆகியவை மழை பெய்தால் வீடு வந்து சேரும், பொய்த்தால் இல்லை. இத்தகைய நிலையில் புறக்கடையில் திரியும் பத்துப் பன்னிரண்டு கோழிகள் குடும்பத்திற்கு ஆபத்து வேளையில் கைகொடுக்கும் சேமிப்பாக உள்ளன. பிள்ளைகளின் புத்தகச் செலவு, மருந்துச் செலவு, திடீரென வரும் விருந்து ஆகிய யாவற்றையும் இல்லத்தரசிகள் கோழியைக் கொண்டே சமாளிக்கின்றனர்.

நாட்டுக்கோழி ஒன்று ஆண்டிற்கு ஏறத்தாழ 60 முதல் 80 முட்டைகள் வரை இடும். இடையிடையே அடைகாத்துக் குஞ்சும் பொரிக்கும். ஆகவே ஒரு பெட்டைக்கோழி இறந்தால் அக்கோழியின் விலை மட்டும் நட்டமன்று. அந்த ஆண்டில் அது பொரித்து வளர்க்க இருந்த குஞ்சுகளும் நட்டமே.

வெள்ளைக்கழிச்சல் நோயாலும், கீரி, பூனை, பருந்து ஆகியவற்றாலும் வரும் இழப்பை உழவர்கள் அறிவர். ஆனால் கூட்டிற்குள்ளேயே, தம் இனத்தாலேயே கோழிகள் காயமுற்று இறப்பதைப் பலர் கவனிப்பதில்லை. முதல் நாள் ஒரு கோழியின் முதுகில் நான்கு இறகுகள் குறைந்திருக்கும். மறுநாள் தோல் சிவந்திருக்கும். மூன்றாம் நாள் இரத்தம் தெரியும். இரத்தம் தெரிந்தபின் மற்றக் கோழிகளும் சேர்ந்து கொத்தத் தொடங்கும். பிறகு அக்கோழி பிழைப்பது அரிது.

இவ்வாறு நேரும்போது, "இது கெட்ட கோழி, அறுத்துவிடுங்கள்" என்று கொத்தும் கோழியின்மேல் தீர்ப்புக் கூறுவது வழக்கம். அறுத்தபின் சில நாட்களில் இன்னொரு கோழி கொத்தத் தொடங்கும். காரணம் கூட்டிலேயே இருக்கும்போது கோழியை மட்டும் நீக்கிப் பயனில்லை. இடம், தீனி, வேலை ஆகிய மூன்றில் ஏதோவொன்று குறைந்திருக்கிறது என்பதைக் கோழி தன் அலகால் காட்டுகிறது என்றே கொள்ள வேண்டும். அக்குறையைக் கண்டறிவதும், காயமுற்ற கோழியைக் காப்பாற்றுவதும் எப்படி என்பதை இப்பாடத்தில் காண்போம்.

கொத்தலில் இரு வகை

கொத்துவதெல்லாம் ஒன்றன்று. இரு வகையையும் பிரித்தறிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதல் வகை, அதிகாரத்திற்காகக் கொத்துவது. ஒரு கூட்டத்திலுள்ள கோழிகளுக்குள் மேல், கீழ் என்ற வரிசை உண்டு. மேல்நிலைக் கோழி முதலில் தீனி தின்னும். நல்ல இடத்தில் அடையும். கீழ்நிலைக் கோழி விலகி வழிவிடும். நார்வே நாட்டைச் சேர்ந்த ஷெல்டரப்-எப்பே என்ற அறிஞர் 1920களின் தொடக்கத்தில் கோழிகளைக் கூர்ந்து கவனித்து இந்த வரிசை முறையை விளக்கி எழுதினார். இவ்வகையில் கொத்து பெரும்பாலும் தலையிலும் கொண்டையிலும் விழும். கொத்துப்பட்ட கோழி ஒதுங்கியவுடன் சண்டை முடிந்துவிடும். ஒதுங்க இடமிருந்தால் இதனால் பெருங்கேடு வராது.

இரண்டாம் வகை, இறகைப் பிடுங்குவதும் சதையைக் கொத்தித் தின்பதும் ஆகும். இது சண்டையன்று. கொத்தும் கோழியிடம் சீற்றம் இராது. தரையில் புழுவைத் தேடுவது போலவே அமைதியாக வந்து, இன்னொரு கோழியின் முதுகிலும், வாலடியிலும், எச்சத் துவாரத்திலும் கொத்தும். கோழியினத்தின் மூதாதையான காட்டுக்கோழி பகற்பொழுதில் பெரும்பகுதியைத் தரையைக் கிளறுவதிலும் கொத்துவதிலுமே கழிக்கிறது. அந்த இயல்பு வீட்டுக் கோழிக்கும் உண்டு. கிளறத் தரையும் கொத்த இரையும் இல்லாதபோது அதன் அலகு பக்கத்துக் கோழியின் இறகை நாடுகிறது. பெருஞ்சேதம் விளைவிப்பது இவ்வகையே.

எந்தக் காலத்தில் மிகுதி?

ஆண்டு முழுவதும் மேய்ந்து திரியும் கோழிகளிடம் இத்தொல்லை குறைவு. நிலக்கடலையும் கேழ்வரகும் விதைக்கும் காலத்தில், விதைத்த விதையைக் கிளறாதிருக்கக் கோழிகளைக் கூட்டிலோ கொடாப்பிலோ நாள் முழுவதும் அடைத்து வைக்கிறோம். நாற்றங்கால், காய்கறித் தோட்டம் பக்கத்தில் இருந்தாலும் அவ்வாறே செய்கிறோம். தொல்லை பெரும்பாலும் அப்போதுதான் தலைதூக்குகிறது.

எளிய கணக்கு ஒன்றைப் பார்ப்போம். ஒரு குடும்பத்தில் 12 பெட்டைகளும் ஒரு சேவலும் உள்ளன. கூடு 4 அடி நீளம், 3 அடி அகலம் எனக் கொள்வோம். தரைப் பரப்பு 12 சதுர அடி. இரவில் அடைய இது ஒருவாறு போதும். அதே கூட்டில் பகலும் அடைத்து வைத்தால் கோழி ஒன்றுக்கு ஒரு சதுர அடிகூட இல்லை. கீழ்நிலைக் கோழி ஒதுங்க மூலை இல்லை.

தீனிக் கணக்கும் அவ்வாறே. மேயும் கோழி பாதிக்கு மேல் தன் இரையைத் தானே தேடிக்கொள்கிறது. நாம் போடும் கைப்பிடித் தானியம் துணைத் தீனியே. அடைத்து வைத்த கோழிக்கு முழுத் தீனியையும் நாமே தர வேண்டும். நாட்டுக்கோழி ஒன்றுக்கு நாளொன்றுக்கு 80 முதல் 100 கிராம் வீதம் 13 கோழிகளுக்கு ஒரு கிலோவுக்கு மேல் ஆகும். ஆனால் மேய்ச்சல் நாளில் போட்ட அதே இரண்டு கைப்பிடியையே அடைத்த நாளிலும் போடுவோர் உண்டு. இடமும் குறைந்து, இரையும் குறைந்து, வேலையும் இல்லாத கோழி வேறென்ன செய்யும்?

சித்திரை, வைகாசி வெயிலும் மற்றொரு காரணம். தகரக் கூரையின் கீழ் வெப்பம் தாங்காமல் கோழிகள் ஒரே நிழலில் நெருங்கி நிற்கும், தண்ணீருக்கு முண்டியடிக்கும். அப்போதும் கொத்தல் மிகும்.

காயம் எங்கே? காரணம் என்ன?

காயத்தின் இடத்தைக் கொண்டு காரணத்தைப் பெரும்பாலும் கண்டுகொள்ளலாம். கோழியைக் கையில் எடுத்து, இறகை விலக்கிப் பார்க்க வேண்டும்.

1. தலை, கொண்டை, தாடி: வரிசைச் சண்டை. புதுக் கோழி சேர்த்தபோதும், தீனித் தொட்டி போதாதபோதும் வரும். கொண்டையில் இரத்தமின்றிப் பருக்களும் கரும்பொருக்குகளும் இருந்தால் அது கொத்தன்று. அம்மை நோயாக இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

2. முதுகும் பிடரியும்: பெட்டைகளில் மட்டும் இருந்தால் சேவல் மிதிப்பதால் வந்ததாகும். எட்டு முதல் பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதும். சேவல்கள் அதிகமாயின் விற்றுவிட வேண்டும். சேவலின் கால் முள் கூராக இருந்தால் நுனியை மட்டும் அரம் கொண்டு மழுக்கலாம்.

3. வாலடி, இறக்கையடி: இறகு பிடுங்கும் பழக்கம். தீனியில் புரதம் அல்லது உப்புக் குறைவு, இட நெருக்கம், வேலையின்மை ஆகியவை காரணம். இறகடியில் செல், பேன் உள்ளனவா என்றும் பார்க்க வேண்டும். அரிப்பால் கோழி தன் இறகைத் தானே பிடுங்கிப் புண்ணாக்குவதும் உண்டு.

4. எச்சத் துவாரம்: இதுவே மிக ஆபத்தானது. முட்டை வெளிவந்தவுடன் உட்பகுதி சற்று நேரம் சிவந்து ஈரமாக வெளியே தெரியும். மறைவான முட்டைப் பெட்டி இல்லாவிடில் மற்றக் கோழிகள் அதைக் கண்டு கொத்தும். குடல் வெளியே இழுபட்டுக் கோழி இறந்துவிடும்.

5. கால் விரல்கள்: பெரும்பாலும் இளங்குஞ்சுகளில் வரும். பசி, மிகுந்த வெளிச்சம், நெருக்கம் ஆகியவை காரணம்.

6. ஆழமான கடிவாய், தலையில்லா உடல், இரவில் நேர்ந்த காயம்: கீரி, பூனை, பெருச்சாளி ஆகியவற்றின் வேலை. கூட்டின் அடிப்பகுதியையும் கதவிடுக்கையும் சரிபார்க்க வேண்டும்.

ஆண்டுக்கொருமுறை இறகு உதிர்வதும், அடைகாக்கும் கோழியின் மார்பில் இறகு குறைவதும் இயல்பானவை. இவற்றில் தோல் காயமின்றி இருக்கும்.

முதல் நாள் செய்ய வேண்டியவை

இரத்தம் கண்ட நேரம் முதல் ஒவ்வொரு மணியும் முக்கியம். சிவப்பு நிறம் கோழியின் கண்ணை உடனே ஈர்க்கும். ஒன்று கொத்துவதைப் பார்த்து மற்றவையும் பழகிக்கொள்ளும். பழகிவிட்டபின் நிறுத்துவது கடினம். ஆகவே கீழ்க்கண்டவற்றை அன்றே செய்ய வேண்டும்.

காயமுற்ற கோழியை உடனே பிரித்து நிழலில், ஈ மொய்க்காத இடத்தில், தனிக் கொடாப்பில் வைக்க வேண்டும். தண்ணீரும் தீனியும் அருகில் இருத்தல் அவசியம். இறந்த கோழி இருப்பின் அகற்றிக் குழியில் புதைத்துவிட வேண்டும்.

அடுத்துக் கொத்தும் கோழியைக் கண்டுபிடிக்க வேண்டும். தீனி போடும்போதும், மாலையில் அடையும்போதும் அரை மணி நேரம் ஓரமாக நின்று கவனித்தால் தெரிந்துவிடும். பெரும்பாலும் ஒன்றிரண்டு கோழிகளே தொடங்கி வைக்கும். மற்றக் கோழிகளின் இறகு குறைந்திருக்க, அவற்றின் இறகு மட்டும் குறைவின்றி இருக்கும். அக்கோழியை நான்கு முதல் ஏழு நாட்கள் வரை தனியே அடைக்க வேண்டும். திரும்பி வரும்போது அது கூட்டத்திற்குப் புதிதுபோல் ஆகிவிடுவதால் அதன் அதிகாரம் குறையும்.

மூன்றாவதாக, கூட்டிற்குள் நேரே விழும் வெயிலைச் சாக்குத் திரை தொங்கவிட்டு மறைக்க வேண்டும். வெளிச்சம் மங்கினால் கொத்தல் குறையும். ஆனால் காற்றோட்டத்தைத் தடுக்கலாகாது.

காயத்திற்கு மருத்துவம்

ஒரு லிட்டர் நீரைக் கொதிக்க வைத்து, இரண்டு தேக்கரண்டி உப்பிட்டு ஆற வைக்கவும். சுத்தமான துணியை அதில் நனைத்துக் காயத்தையும் சுற்றியுள்ள இறகையும் கழுவவும். இரத்தம் கசிந்தால் உலர்ந்த துணியால் சில நிமிடம் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும்.

பின்னர் மஞ்சள் தூளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவ வேண்டும். மஞ்சள் புண்ணை ஆற்ற உதவும். வேப்பெண்ணெய் ஈயை விரட்டும். அதன் கசப்பால் பிற கோழிகளும் கொத்தத் தயங்கும். குப்பைமேனி இலையை அரைத்து மஞ்சளுடன் சேர்த்தும் போடலாம். புண் உலரும் வரை காலை, மாலை இருவேளையும் இவ்வாறு செய்யவும். மருந்தகத்தில் கிடைக்கும் போவிடோன் அயோடின் மருந்தும் பயன்படும். மண்ணெண்ணெய், தார், பூச்சிமருந்து ஆகியவற்றைக் கோழியின் புண்ணில் ஒருபோதும் ஊற்றக் கூடாது. தோல்வழி உட்சென்று கோழியைக் கொன்றுவிடும்.

புண்ணில் புழு வைத்துவிட்டால் முதலில் சிறு இடுக்கியால் புழுக்களை எடுக்க வேண்டும். நம் மாவட்டக் கரடுகளில் மிகுதியாக உள்ள சீத்தா மரத்தின் இலையை அரைத்து முதல் நாள் மட்டும் புண்ணில் வைத்தால் எஞ்சிய புழுக்கள் வெளிவரும். அது கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மறுநாள் முதல் மஞ்சளும் வேப்பெண்ணெயும் போதும்.

எச்சத் துவாரம் பிதுங்கியிருந்தால் உப்புநீரால் மென்மையாகக் கழுவி, சுத்தமான தேங்காய் எண்ணெய் தடவி, விரலால் மெல்ல உள்ளே தள்ளிவிட்டு, இருட்டான இடத்தில் தனியே வைக்கவும். மீண்டும் மீண்டும் வெளிவந்தால் கால்நடை மருத்துவரை நாட வேண்டும். குடல் கிழிந்து வெளிவந்த கோழி பிழைக்காது. அதை வதைய விடாமல் முடித்துவிடுவதே இரக்கமுடையது.

மேற்புண் பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாட்களில் உலரும். சிவந்த தோல் தெரியும் வரை கூட்டத்தில் விடலாகாது.

இடம்: எவ்வளவு போதும்?

இரவில் மட்டும் அடையும் கோழிக்கு ஒரு சதுர அடி போதும். பகலிலும் கூட்டிலேயே இருக்க வேண்டுமாயின் இரண்டு சதுர அடியும், அதையொட்டி வெளியே உலவத் திறந்த இடமும் வேண்டும். மேற்சொன்ன 13 கோழிகளுக்கு 12 அடி நீளமும் 10 அடி அகலமும் உள்ள அடைப்புப் போதும். பழைய மீன்வலை, மூங்கில் தட்டி, முள் படல் எதைக் கொண்டும் இதைச் செலவின்றி அமைக்கலாம். வேம்பு அல்லது புங்க மர நிழலில் அமைத்தல் நன்று. பயிர் முளைத்து உறுதிப்படும் இரண்டு மூன்று வாரங்களுக்கு இந்த அடைப்பு, பயிர், கோழி இரண்டையும் காக்கும்.

அடைப்பினுள் இரண்டு மூன்று இடங்களில் தட்டியோ சுள்ளிக் கட்டோ சாய்த்து வைக்கவும். துரத்தப்பட்ட கோழி அதன் பின்னே சென்று மறைந்துகொள்ளும். கண்ணுக்குத் தெரியாத கோழியை மேல்நிலைக் கோழி தொடர்ந்து துரத்துவதில்லை.

தீனித் தொட்டியில் கோழி ஒன்றுக்கு 4 அங்குலம் இடம் வேண்டும். இரண்டடி நீளமுள்ள இரண்டு தொட்டிகளை ஒன்றுக்கொன்று தள்ளி வைத்தால் கீழ்நிலைக் கோழியும் வயிறார உண்ணும். ஒரே பெரிய தொட்டியாக வைத்தால் வலுத்த கோழி அதைக் காவல் காக்கும். தண்ணீர்ச் சட்டியும் இரண்டு இருக்கட்டும்.

ஐந்து பெட்டைகளுக்கு ஒரு முட்டைப் பெட்டி வீதம் வைக்க வேண்டும். ஓரடி நீளம், அகலம், உயரம் உள்ள மரப்பெட்டியோ பழைய கூடையோ போதும். உள்ளே வைக்கோல் பரப்பி, இருண்ட மூலையில் வைத்து, முன்புறம் சாக்குத் துண்டைத் தொங்கவிடவும். எச்சத் துவாரக் கொத்தலைத் தடுக்க இந்தச் சாக்குத் துண்டைவிட மலிவான வழி வேறில்லை.

தீனி: வயிறு நிறைந்தால் போதாது

கேழ்வரகும் சோளமும் போட்டால் கோழியின் பசி அடங்கும். ஆனால் உடலின் தேவை நிறைவேறாது. கேழ்வரகில் புரதம் ஏறத்தாழ 7 சதவீதமே. முட்டையிடும் கோழியின் முழுத் தீனியில் 16 முதல் 18 சதவீதம் புரதம் இருக்க வேண்டும். இறகின் பெரும்பகுதி புரதமே. புரதக் குறைவுள்ள கோழி பிற கோழியின் இறகைப் பிடுங்கித் தின்பதில் வியப்பில்லை.

கோழிகளை அடைத்து வைக்கும் நாட்களில் கீழ்க்கண்டவாறு 10 கிலோ தீனியை வீட்டிலேயே கலந்துகொள்ளலாம்.

கம்பு, மக்காச்சோளம், கேழ்வரகு ஆகியவற்றின் கலவை (உடைத்தது): 5 கிலோ
அரிசித் தவிடு: 2 கிலோ
கடலைப் புண்ணாக்கு: 1½ கிலோ
எள்ளுப் புண்ணாக்கு: ½ கிலோ
உப்பிடாத கருவாட்டுத் தூள்: ½ கிலோ
கிளிஞ்சல் தூள்: 400 கிராம்
தாது உப்புக் கலவை: 100 கிராம்

இத்துடன் சமையல் உப்பு 30 கிராம் சேர்க்கவும். இக்கலவையில் புரதம் 16 முதல் 17 சதவீதம் வரை கிடைக்கும். எள்ளுப் புண்ணாக்கைச் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. இறகு வளரத் தேவையான மெத்தியோனின் என்னும் சத்து கடலைப் புண்ணாக்கில் குறைவு. எள்ளுப் புண்ணாக்கில் மிகுதி. இன்னும் முட்டையிடத் தொடங்காத இளங்கோழிகளுக்குக் கிளிஞ்சல் தூள் தேவையில்லை. பூஞ்சை பிடித்த புண்ணாக்கையும் தானியத்தையும் ஒருபோதும் போடலாகாது. அதிலுள்ள நஞ்சு ஈரலைக் கெடுக்கும்.

உப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. தீனியில் உப்பே இல்லாவிடினும் கொத்தல் வரும். மிகுந்தால் கோழி இறக்கும். எனவே அளவு மீறக் கூடாது. உப்புக் கருவாடு சேர்த்தால் தனியே உப்பு வேண்டாம். கோழிகளுக்கு எந்நேரமும் தண்ணீர் கிடைக்க வேண்டும்.

காசு செலவின்றிக் கிடைக்கும் புரதமும் உண்டு. பழைய பானையில் காய்ந்த சாணம், ஓலைத் துண்டு, கிழிந்த கோணி ஆகியவற்றைத் திணித்து, நீர் தெளித்து, கரையான் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வைக்கவும். மறுநாள் காலையில் சேர்ந்துள்ள கரையானைக் குஞ்சுகளுக்குக் கொட்டினால் விரும்பித் தின்னும். மல்பெரி பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்க்கும் நம் மாவட்டத்தில் பட்டு நூற்கும் இடங்களில் கிடைக்கும் கூட்டுப்புழுவை நன்கு உலர்த்திப் பொடித்துக் கருவாட்டுத் தூளுக்கு மாற்றாகச் சேர்க்கலாம்.

வேலை: சும்மா இருக்கும் அலகே கொத்தும்

அடைப்பில் உள்ள கோழிக்குப் பொழுது போக வேண்டும். தானியத்தின் ஒரு பகுதியைத் தொட்டியில் போடாமல், தரையில் பரப்பிய கடலைத் தோல், உமி, சருகு ஆகியவற்றின் மேல் தூவிவிட்டால் கோழிகள் நாள் முழுவதும் கிளறித் தேடும். எருக்குழியிலிருந்து இரண்டு கூடை மக்கிய குப்பையைக் கொட்டினாலும் அவ்வாறே.

அகத்தி, முருங்கை, வேலிமசால், மல்பெரி இலைகளைக் கொத்தாகக் கட்டிக் கோழியின் தலைக்குச் சற்று மேலே தொங்கவிட வேண்டும். எட்டிக் கொத்தித் தின்பதில் நேரம் போகும், நார்ச்சத்தும் கிடைக்கும். நார்ச்சத்துள்ள தீனி இறகு தின்னும் ஆவலைக் குறைக்கும்.

மூன்றடி நீளம், இரண்டடி அகலம், ஓரடி ஆழத்தில் குழி வெட்டி, மணலும் அடுப்புச் சாம்பலும் காய்ந்த வேப்பிலைத் தூளும் கலந்து நிரப்பினால் கோழிகள் அதில் புரண்டு மண் குளியல் செய்யும். செல்லும் பேனும் குறையும். மழைச் சாரல் படாமல் மேலே ஒரு கூரை வேண்டும்.

புதுக் கோழிகளையும் ஆறிய கோழிகளையும் சேர்த்தல்

சந்தையில் வாங்கிய கோழியை அன்றே கூட்டத்தில் விடுவது நோய்க்கும் சண்டைக்கும் ஒருசேரக் கதவு திறப்பதாகும். இரண்டு மூன்று வாரம் தொலைவில் தனியே வைத்து நோயில்லை என அறிந்தபின், ஒரு வாரம் வலைத் தடுப்புக்கு அப்பால் ஒன்றையொன்று பார்க்கும்படி வைக்கவும். பின்னர் இரவில், கோழிகள் அடைந்தபின் உள்ளே விடவும். இருட்டில் கோழிக்குக் கண் தெரியாததால் சண்டையிராது. விடியற்காலையிலேயே திறந்துவிட்டுத் தீனி போட வேண்டும். ஒரே ஒரு புதுக் கோழியைச் சேர்ப்பதைவிட இரண்டு மூன்றாகச் சேர்த்தால் அடி பகிர்ந்துகொள்ளப்படும். காயம் ஆறிய கோழியையும் இம்முறையிலேயே சேர்க்க வேண்டும்.

வயதும் உருவும் மிகவும் வேறுபட்ட கோழிகளை ஒரே கூட்டில் அடைக்க வேண்டாம். வனராஜா, கிரிராஜா போன்ற பெரிய இனங்களுடன் சிறுவிடைக் கோழியை அடைத்தால் சிறியது பட்டினி கிடக்கும். அசில் இனச் சேவல்கள் இயல்பிலேயே போர்க்குணம் உடையவை. ஏறத்தாழ மூன்று மாத வயதிலிருந்தே அவற்றைப் பிரித்து வளர்க்க வேண்டும்.

குஞ்சுகளில் கவனம்

தாய்க்கோழியுடன் திரியும் குஞ்சுகளுக்கு இத்தொல்லை அரிது. பொரிப்பகக் குஞ்சுகளை மின்விளக்கின் கீழ் வளர்ப்போரே கவனிக்க வேண்டும். முதல் நான்கு வாரம் குஞ்சு ஒன்றுக்கு அரை சதுர அடி இடம் வேண்டும். முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பம் தந்து, பின் வாரந்தோறும் 5 டிகிரி குறைத்துவர வேண்டும். குஞ்சுகள் விளக்கைவிட்டு ஓரமாக ஒதுங்கி வாய் திறந்து மூச்சுவிட்டால் வெப்பம் மிகுதி. விளக்கின் கீழ் குவிந்தால் வெப்பம் போதவில்லை. பளிச்சென்ற வெள்ளை விளக்கைவிடச் சிவப்பு விளக்கு நன்று. சிவப்பு ஒளியில் இரத்தம் தனித்துத் தெரியாது.

அலகை வெட்டலாமா?

நாமக்கல் வட்டாரத்தில் கூண்டுகளில் ஆயிரக்கணக்கில் வளர்க்கும் முட்டைக்கோழிப் பண்ணைகளில் இளம் வயதிலேயே சூடான தகட்டால் அலகின் நுனியை வெட்டுவர். அதைப் பார்த்து வீட்டுக் கோழிகளுக்கும் செய்யலாமா என்று கேட்போர் உண்டு. புறக்கடைக் கோழிக்கு இது ஏற்றதன்று. அலகினுள் உயிருள்ள நரம்பு உண்டு, வெட்டினால் வலிக்கும். கூண்டுக் கோழிக்குத் தீனி அலகருகே வருகிறது. புறக்கடைக் கோழியோ அலகு கொண்டே புழுவைப் பிடிக்க வேண்டும், தானியத்தைப் பொறுக்க வேண்டும், செல்லை நீக்க வேண்டும், பூனையிடமிருந்து குஞ்சுகளைக் காக்க வேண்டும். நார்வே நாடு 1974ஆம் ஆண்டிலேயே அலகு வெட்டுவதைத் தடை செய்தது. அலகை வெட்டாமலும் கோழி வளர்க்க முடியும் என்பதற்கு இது சான்று.

மேல் அலகின் நுனி கொக்கிபோல் மிகவும் வளைந்திருந்தால், நகம் வெட்டுவதுபோல் உயிரற்ற நுனியை மட்டும் அரத்தால் தேய்க்கலாம். இரத்தம் வருமளவுக்குப் போகலாகாது.

நினைவில் கொள்க

இரத்தம் கண்டவுடன் காயக் கோழியைப் பிரிக்கவும். கொத்தும் கோழியையும் சில நாள் பிரிக்கவும். காயத்தின் இடத்தைப் பார்த்துக் காரணம் காணவும். கோழிகளை அடைக்கும் நாட்களில் இடத்தையும் தீனியையும் கூட்டவும். முட்டைப் பெட்டியை மறைவாக வைக்கவும். கீரையைத் தொங்கவிட்டு, தானியத்தைத் தூவி, கோழிக்கு வேலை கொடுக்கவும்.

இவை யாவும் செய்தும் ஒரு கோழி விடாமல் கொத்தினால் அதை விற்றுவிடலாம். ஆனால் அதற்குமுன் கூட்டின் அளவையும், தீனித் தொட்டியையும், அன்று போட்ட தீனியின் எடையையும் ஒருமுறை அளந்து பார்க்கவும். அளந்து பார்க்காமல் கோழியை மாற்றுவோர் மீண்டும் மீண்டும் மாற்ற நேரிடும்.

ஐயம் இருப்பின் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தையோ பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம். செல்லும்போது கோழிகளின் எண்ணிக்கை, கூட்டின் நீள அகலம், நாளொன்றுக்குப் போடும் தீனியின் அளவு ஆகிய மூன்றையும் ஒரு தாளில் குறித்துச் சென்றால், காரணத்தை அங்கேயே கண்டு தக்க வழி கூற இயலும்.